எழுத்துக்கு நாற்பது ரூபாய்

தாராபுரத்தில், காங்கயம் ரோட்டோரம் என் பட்டறை.
கருப்புக் கிரானைட், இரண்டடிக்கு ஒன்றரை.
எழுத்துக்கு நாற்பது ரூபாய்,
புள்ளிக்குக் காசில்லை.
பிறந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் நடுவே
வரும் சிறு கோட்டுக்கும் காசில்லை.
அந்தக் கோட்டைப் பற்றி
இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

தீத்து வந்தபோது
தலையிலிருந்து செருப்புவரை பாறைமாவு.
மூலனூரில் போர் போட்டுக்கொண்டிருந்த வண்டியை
பையன்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.
புருவம்கூட வெள்ளை.

"சம்சாரத்துக்குங்க. பேரு லோயிசாள்.
ரெட்டைக் கொம்பு போடோணுமுங்க,
ரேசன் கார்டுல ஒத்தைக் கொம்பு போட்டுட்டாங்க,
சாகற வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தா."

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாள்,
ரிக் நோட்டில் கிழித்தது:

20 அடி செம்மண்
60 சுக்கான்
340 வெள்ளைப் பாறை
700 புகை
980 புகை
1140 உண்டு

"கடைசி வார்த்தைய மட்டும்
அவ பேருக்குக் கீழ வெட்டுங்க.
செத்த தேதி வேண்டாமுங்க."

தேதி இல்லாத கல்லைக்
கல்லறைக் கமிட்டி உள்ளே விடாது என்றேன்.
வெளியே ஒரு லோடு லாரி போய் முடியும்வரை யோசித்தார்.
"அப்பச் செரி, போட்டுருங்க.
அது பொய்யில்லீங்களே."

எனக்கு மாகாளியம்மன்.
இது தொழில்.
'உறங்குகிறாள்' வெட்டியிருக்கிறேன்,
'மறுபடி காண்போம்' வெட்டியிருக்கிறேன்,
நம்பியும் வெட்டவில்லை, நம்பாமலும் வெட்டவில்லை.
இந்த மூன்றெழுத்தில்தான் உளி நின்றுவிட்டது.
இருந்தாள் என்றால் நேற்று.
இருப்பாள் என்றால் நாளை.
உண்டு?
எந்தக் காலம் இது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"வேதத்துல அப்படித்தானுங்க இருக்குது.
நித்திய ஜீவன் கெடைக்கும்னு இல்லீங்க,
உண்டுன்னு.
நானும் ரொம்ப நாளா
செத்தபொறகு தர்ற பென்சன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

பெருந்துறை ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்
அவளுக்கு ஆள் தெரியாமல் போயிற்றாம்.
நான் யாரு, நான் யாரு என்று
இவர் குனிந்து குனிந்து கேட்க
வெகுநேரம் முகத்தைப் பார்த்திருந்து
"தெரியலீங்க" என்றாளாம்.
"எந்தூருங்க நீங்க? சோறுண்டீங்களா?"

"முப்பத்தொரு வருசம், மறந்துபோச்சுங்க.
ஆனா பாருங்க,
வந்தவனுக்குப் பசிக்குமேங்கறது மட்டும் மறக்கல.
அது அவளுதில்லீங்க. அவளுக்குள்ள இருந்தது.
அதுக்கு எப்படிங்க தேதி போடறது?
அவளுக்கு என்னயத் தெரியல.
அவளத் தெரிஞ்சவரு ஒருத்தரு உண்டுன்னு
அந்த எழவெடுத்த வராந்தாவுல நின்னு..."
முடிக்கவில்லை.
மூக்கைத் துடைத்தார், பாறைமாவு சேறானது.

நிச்சயமாகத் தெரியுமா என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.

"ஆயரத்துக்குக் கீழ ஆரு பாத்தாங்க?
மூலனூர்ப் பக்கம் பதினேழு போட்டு
பதினாலுல வெறும் புகைங்க.
அடிக்கு இத்தனைன்னு அதுக்கும் காசு வாங்கியிருக்கேன்,
அந்தக் காட்டுக்காரங்க மொகம்
இன்னமும் ராத்திரி வருது.
ஆனா தண்ணி தெரியறதுக்கு முன்னால
கல்லு ஒடையற சத்தம் மாறுமுங்க.
மேல நின்னுட்டிருக்கறவங்களுக்குக் கேக்காது.
ராடு புடிச்ச கைக்குத் தெரியும்."

கையை விரித்துக் காட்டினார்.
வேறொன்றும் இல்லை அதில்,
காய்ப்புதான்.

அன்றைக்கே வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.
பெயர். தேதி. கோடு. தேதி.
கோட்டை வழக்கத்தைவிடக்
கொஞ்சம் ஆழமாகவே இறக்கினேன்.
பிறகு உ, அதன் வயிற்று வளைவு. பிறகு ண்.
காசில்லாத புள்ளி.
பிறகு டு.
தங்கப் பெயிண்ட் வேண்டாம் என்றார்.

எழுத்துக்குள் தங்கிய தூளை
குனிந்து ஊதினேன், எப்போதும் ஊதுவதுதான்.
அவர் மாவு அவர் மேல், என் தூள் என் மேல்,
நடுவில் லோயிசாள் பளிச்சென்று.

பின்பக்கம் பாலிஷ் மெஷினை நிறுத்திவிட்டு
மயில்சாமி சத்தம் போட்டான்:
"சோறுண்டாச்சுங்களா?"

யாரைக் கேட்டானோ,
இருவருமே திரும்பினோம்.